சிவப்பு விளக்கு எரிகிறதா?
பழைய காரின் பிரேக் எச்சரிக்கையும் அதனை ஆராயும் முறையும்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய மாலைகளில் ஓசூர் சாலையோரம் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்குப் பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை வாழ்கின்றன என்பது ஒருவாறு விளங்கிவிடும். அல்சூரிலிருந்தும் சிவாஜிநகரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும், அண்மைக் காலத்தில் குடியேறியோர் மிகுந்த எலெக்ட்ரானிக் சிட்டிப் பகுதியிலிருந்தும் புறப்படும் கார்கள் வரிசை வரிசையாக அத்திப்பள்ளியைக் கடந்து ஓசூர் நோக்கிச் செல்லும். அவற்றுள் புதிய வண்டிகள் பல. ஆயினும் பதினைந்து ஆண்டும் இருபது ஆண்டும் உழைத்த வண்டிகளும் குறைவல்ல. 1983-ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்து 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி 800, அதனை அடுத்து வந்த ஸென், சாந்த்ரோ, இண்டிகா முதலியன இன்றும் பல இல்லங்களின் வாயிலில் நிற்கின்றன. தந்தை வாங்கியதை மகன் ஓட்டுகிறான். அண்ணன் புதியது வாங்கியபோது தம்பிக்குக் கொடுத்ததைத் தம்பி காப்பாற்றி வருகிறான்.

இவ்வண்டிகளுக்கு ஊர்ப் பயணம் ஒரு பெருஞ்சோதனை. பெங்களூர் கடல் மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலமோ ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே தெற்கே போகிறவர் வழியில் எங்கேனும் அறுநூறு மீட்டருக்கு மேல் இறங்கியே ஆகவேண்டும். அந்த இறக்கத்தின் கடுமையான பகுதி தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர்க் கணவாய். பாரமேற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னே செல்லும் கார்களின்மேல் மோதிய துயரச் செய்திகளை அவ்விடத்திலிருந்து நாம் பன்முறை படித்திருக்கிறோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். சாமராஜநகர் வழியாகச் சத்தியமங்கலம் செல்வோர்க்குத் திம்பம் மலைப்பாதையில் 27 வளைவுகள். இத்தகைய வழிகளில் குடும்பத்தோடு போகும்போது, ஓட்டுநருக்கு எதிரே உள்ள பலகையில் சிவப்பாக ஒரு சிறு விளக்கு எரியத் தொடங்கினால் என்ன செய்வது? அது எதனைக் கூறுகிறது? எவ்வளவு அஞ்சவேண்டும்? இவற்றை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரேனும் தெளிவாக அறிந்திருத்தல் நலம். அதற்கு எந்திரக் கலை பயின்றிருக்க வேண்டியதில்லை.

விளக்கின் பின்னே இருப்பது

காலால் மிதிக்கும் ஆற்றல் சக்கரத்தைச் சென்றடைவது ஒரு திரவத்தின் வழியாக. மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டுரைத்த விதியே இதற்கு அடிப்படை. மிதியை அழுத்தினால் 'மாஸ்டர் சிலிண்டர்' என்னும் தலைமை உருளையிலுள்ள திரவம் குழாய்களின் வழியே ஓடி, சக்கரங்களிலுள்ள சிறு உருளைகளைத் தள்ளுகிறது. அவை லைனிங்கை டிரம்மின்மீதோ, பேடுகளைத் தட்டின்மீதோ அழுத்துகின்றன. இம்முறையை 1910-களின் இறுதியில் மால்கம் லாக்ஹீட் என்னும் அமெரிக்கர் உருவாக்கினார். 1921-இல் வெளிவந்த டூசன்பெர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் அது பொருத்தப்பட்டது.

ஆனால் அக்காலத்து அமைப்பில் ஒரு பெருங்குறை இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவ வழி. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போயின. எனவே பிற்காலத்தில் தலைமை உருளையை இரண்டு அறைகளாகப் பிரித்து, இரண்டு சக்கரங்களுக்கு ஒரு வழி, மற்ற இரண்டுக்கு ஒரு வழி என அமைத்தனர். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட கார்களுக்கு இந்த இரட்டை வழியும், அதனோடு ஓட்டுநரை எச்சரிக்கும் விளக்கும் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டன. இவ்விரண்டும் ஒருங்கே வந்ததில் பொருள் உண்டு. ஒரு வழி கெட்டாலும் மற்றொரு வழியால் வண்டி நிற்கும். நிற்பதனாலேயே ஓட்டுநர் கேட்டை உணராமல் போகக்கூடும். பாதி பிரேக்கோடு ஓடுகிறோம் என்பதை அவருக்கு உணர்த்தத்தான் விளக்கு.

நம் வண்டிகளில் உள்ள அமைப்பு எளிமையானது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் சாவியின் வழியாக விளக்கின் ஒரு முனையை அடைகிறது. மற்றொரு முனையிலிருந்து இரண்டு கம்பிகள் பிரிகின்றன. ஒன்று கைப் பிரேக்கின் அடியிலுள்ள சுவிட்சுக்குச் செல்கிறது. மற்றொன்று எஞ்சின் அறையில், பிரேக் திரவம் நிரப்பிய வெண்ணிறப் பிளாஸ்டிக் டப்பாவின் மூடியிலோ உடலிலோ உள்ள மிதவைச் சுவிட்சுக்குச் செல்கிறது. கைப் பிரேக்கை இழுத்தால் முதற் சுவிட்சு மூடிக்கொள்ளும். திரவம் குறைந்தால் மிதவை தாழ்ந்து இரண்டாவது சுவிட்சு மூடிக்கொள்ளும். எது மூடினாலும் மின்சாரம் வண்டியின் இரும்பு உடலைச் சென்றடைந்து விளக்கு எரியும். ஒரே விளக்கு, இரண்டு காவலர். எந்தக் காவலர் குரல் கொடுத்தார் என்று அறிவதே நம் ஆராய்ச்சியின் பெரும்பகுதி.

சாலையில் எரிந்தால்

ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு எரிந்தால் ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்க. முதலில் பின்னால் வருவோரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மிதியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். வழக்கமான உயரத்திலேயே உறுதியாக நிற்கிறதா? அல்லது ஆழமாகச் செல்கிறதா? பஞ்சுபோல் அமுங்குகிறதா? வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா?

மிதி உறுதியாக இருந்தால் வேகத்தைக் குறைத்து, இடப்புறம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் கைப் பிரேக்கையும் திரவ மட்டத்தையும் பாருங்கள். மிதி தாழ்ந்தாலோ பஞ்சுபோல் இருந்தாலோ அந்த இடத்திலிருந்து வண்டியை ஓட்டிச் செல்லலாகாது. மீட்பு வண்டியை அழைக்க வேண்டும். "பத்துக் கிலோமீட்டர்தானே, மெல்லப் போய்விடலாம்" என்னும் எண்ணம் பெருந்தீங்கு விளைப்பது. நெடுஞ்சாலையில் நம் மெதுவான வேகம் நம்மைக் காக்காது. நமக்கு முன்னே செல்பவர் திடீரென நின்றால் நாமும் நின்றாக வேண்டும்.

மிதி முற்றிலும் வலுவிழந்து தரைவரை சென்றுவிட்டால், விடாமல் விரைவாக மிதித்து மிதித்து எடுங்கள். எஞ்சியுள்ள திரவம் சற்றேனும் அழுத்தம் தரும். கியரை ஒவ்வொன்றாகக் கீழிறக்குங்கள். கைப் பிரேக்கை அதன் நுனியிலுள்ள பொத்தானை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழலக்கூடும். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்க வேண்டா. அணைத்தால் பூஸ்டரின் துணையும் குறையும். சாவியை வெளியே எடுத்தால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

இறக்கத்தில் எரிபொருள் மிச்சமாகும் என்று கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருள விடுவோர் உண்டு. அவர்கள் ஒரு கணக்கை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 20 பாகை வெப்பத்திலுள்ள ஏறக்குறைய 29 லிட்டர் நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. கியரில் இருந்தால் அதன் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இருந்தால் காற்றின் தடை போக மீதி அனைத்தும் பிரேக்கின் தலையில் விழும். அவ்வெப்பம் திரவத்தைக் கொதிக்க வைத்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவியோ அமுங்கும். மிதி தரையைத் தொடும். ஆயினும் வண்டி நிற்காது. இந்தக் கேட்டில் சிவப்பு விளக்கு எரிய வேண்டுமென்பதே இல்லை, ஏனெனில் டப்பாவில் திரவம் குறையவில்லை. ஆகவே எந்தக் கியரில் ஒரு மேட்டை ஏறவேண்டுமோ, அந்தக் கியரிலேயே அதனை இறங்குக என்று பழைய ஓட்டுநர்கள் கூறுவது மிகவும் பொருத்தமானது.

வீட்டில் ஆராயும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சோதனையின்போது கைப் பிரேக்கை விடுவிக்க நேரும். ஆதலால் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ செங்கல்லோ வைத்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

முதற் படி கைப் பிரேக். நெம்புகோலை முழுவதும் கீழே இறக்கியபின், கையால் இன்னும் சற்று அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் விளக்கு அணைந்தால், அடியிலுள்ள சுவிட்சு இடம் நகர்ந்திருக்கிறது, அல்லது அழுக்கேறித் தடைப்படுகிறது என்று பொருள். கைப் பிரேக்கின் கம்பி இறுகிப் போய் நெம்புகோல் முழுதும் இறங்காமல் இருப்பதும் உண்டு. அப்படியானால் பின்சக்கரங்கள் உராய்ந்துகொண்டே ஓடும். சிறிது தூரம் ஓட்டி வந்தபின் பின்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுசென்றால் வெம்மை புலப்படும். தொட வேண்டா.

இரண்டாம் படி திரவ மட்டம். டப்பாவின் பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு கோடுகள் இருக்கும். பிளாஸ்டிக் மங்கியிருந்தால் கைவிளக்கைப் பின்புறம் பிடித்துப் பாருங்கள். மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் துடைத்துவிடுக. உள்ளே விழும் ஒரு மணல்துகள் தலைமை உருளையின் ரப்பரைக் கீறிவிடும். விளக்கு வளைவுகளிலும் மேடுகளிலும் மட்டும் மினுக்கி, நேரே போகையில் அணைந்துவிடுகிறதா? அப்படியானால் திரவம் கீழ்க்கோட்டின் விளிம்பில் நின்று தளும்புகிறது எனக் கொள்ளலாம்.

திரவம் குறைந்திருக்கிறது, சரி. ஏன் குறைந்தது? ஆராய்ச்சியின் உயிர்நிலை இந்த வினாவே. தெருமுனையில் ஒருவர் புட்டியை எடுத்து ஊற்றிவிட்டு, "ஆயில் ஊத்தியாச்சு, விளக்கு அணைஞ்சிடுச்சு, தைரியமா போங்க சார்" என்று கூறி அனுப்பிவிடுவார். விளக்கு அணைந்தது உண்மை. ஆனால் மூடிய அமைப்பிலிருந்து திரவம் காரணமின்றிக் குறையாது. காரணங்கள் பெரும்பாலும் இரண்டு.

ஒன்று தேய்மானம். நம் வண்டிகளில் பெரும்பாலும் முன்சக்கரங்களில் தட்டு பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உள்ளன. முன்புறப் பேடுகள் தேயத் தேய, அவற்றைத் தள்ளும் பிஸ்டன் முன்னே வந்து நிற்கும். அது விட்டுச் சென்ற இடத்தைத் திரவம் நிரப்பும். அதனால் டப்பாவில் மட்டம் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் தாழும். இது கசிவன்று; பேடுகளை மாற்றும் காலம் நெருங்கிவிட்டது என்னும் அறிவிப்பு. இந்நிலையில் மேலே ஊற்றி நிரப்பினால் அறிவிப்பை நாமே அழித்தவராவோம். பின்னர்ப் புதிய பேடு பொருத்துகையில் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது திரவம் பொங்கி வழிந்து வண்டியின் வண்ணத்தையும் கெடுக்கும்.

மற்றொன்று கசிவு. மட்டம் நாட்கணக்கில், வாரக்கணக்கில் குறைந்தால் கசிவு என்றே கொள்ளவேண்டும். எங்கே பார்ப்பது? பின்சக்கரங்களின் உட்புறத்தைப் பாருங்கள். டயரின் உள்பக்கத்தில் ஈரக்கோடு தெரிந்தால் டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் கசிகிறது. முன்சக்கரங்களுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய்களில் வெடிப்போ ஈரமோ உண்டா எனப் பாருங்கள். இரும்புக் குழாய்கள் வண்டியின் அடியில் துருப்பிடித்திருக்கின்றனவா எனப் பாருங்கள். தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் மட்டம் குறைகிறது என்றால், தலைமை உருளையின் பின்புறத்து ரப்பர் கெட்டுத் திரவம் பூஸ்டருக்குள் இறங்கக்கூடும். சில வண்டிகளில் கிளட்சும் அதே டப்பாவிலிருந்து திரவம் பெறுவதால், கிளட்சு உருளையின் கசிவும் பிரேக் விளக்கை எரியச் செய்யும்.

கசிவிருப்பதாக ஐயம் ஏற்பட்டால் இச்சோதனையைச் செய்க: எஞ்சினை அணைத்து மிதியை ஐந்தாறு முறை மிதித்தபின், உறுதியாக அழுத்தி அரை நிமிடம் வைத்திருங்கள். மிதி மெல்ல மெல்லத் தாழ்ந்தால் எங்கோ கசிகிறது, அல்லது தலைமை உருளையினுள்ளே ரப்பர் தளர்ந்து திரவம் பின்னோக்கி நழுவுகிறது. உள்ளே நழுவுங்கால் டப்பாவின் மட்டம் குறையாது, விளக்கும் எரியாது. அழுத்தியபடியே எஞ்சினை இயக்குங்கள். மிதி சிறிதளவு தாழ்ந்து நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள்.

மூன்றாம் படி, திரவம் நிறைவாக இருந்தும் விளக்கு எரியும் நிலைக்கு உரியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது டப்பாவிலுள்ள மிதவைச் சுவிட்சின் இணைப்பைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் மிதவை சிக்கியிருக்கிறது, அல்லது திரவத்தை உறிஞ்சி மூழ்கிவிட்டது. டப்பாவை மெல்லத் தட்டினால் சிக்கிய மிதவை எழக்கூடும். மூழ்கிய மிதவையை மாற்றத்தான் வேண்டும். இணைப்பைக் கழற்றியும் அணையாவிட்டால் கைப் பிரேக் சுவிட்சின் கம்பியைக் கழற்றுங்கள். இப்போது அணைந்தால் குற்றம் அச்சுவிட்சில். இரண்டையும் கழற்றியும் விளக்கு எரிந்தால், இடையே எங்கோ கம்பியின் உறை தேய்ந்து இரும்பைத் தொடுகிறது. அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த கம்பிகளும் இதற்குக் காரணமாகும். ஆராய்ந்தபின் இரண்டு இணைப்புகளையும் மீண்டும் பொருத்த மறக்கலாகாது.

நான்காம் படி, துணை விளக்குகளைக் கவனித்தல். பிரேக் விளக்கோடு பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்தால், ஜப்பானிய அமைப்பில் வந்த சில பழைய வண்டிகளில் அது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் பழுதைக் குறிக்கும். டீசல் வண்டிகள் சிலவற்றில் பூஸ்டருக்குரிய வெற்றிடப் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்னே அமைந்திருப்பதால், அங்கு ஏற்படும் பழுது பிரேக்கையே பாதிக்கும். 'ஏ.பி.எஸ்.' என்னும் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் உண்டு, சக்கரம் பூட்டாமல் காக்கும் துணையமைப்பு மட்டும் இல்லை. அதனோடு சிவப்பும் எரிந்தால் முன்பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் ஏற்பாடும் பழுதுற்றிருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டாமல், கருவி கொண்டு சோதிக்கும் தொழிற்கூடத்தை நாடுக. நம் நாட்டில் புதிய கார்கள் அனைத்திற்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான். எனவே பழைய வண்டிகள் பலவற்றில் அவ்விளக்கே இராது.

எரியாத விளக்கு

எரியும் விளக்கினும் அஞ்சத்தக்கது எரியவே எரியாத விளக்கு. சாவியைத் திருப்பி, கைப் பிரேக்கை இழுத்துப் பாருங்கள். சிவப்பு ஒளி தோன்றவேண்டும். தோன்றாவிட்டால் பல்பு போயிருக்கிறது, அல்லது கம்பி அறுந்திருக்கிறது, அல்லது எவரோ இணைப்பைக் கழற்றி விட்டிருக்கிறார். ஓயாமல் எரியும் விளக்கைக் கண்டு சலித்துக் கம்பியை வெட்டிவிடும் வழக்கம் உண்டு. பழைய வண்டியை ஒருவரிடமிருந்து வாங்குவோர் இந்தச் சோதனையை விலை பேசுமுன்னரே செய்து பார்த்துக்கொள்ள வேண்டும். அரை நிமிட வேலை இது.

'ஆயில்' என்னும் பெயரால் வரும் கேடு

பிரேக் திரவத்தை நாம் அனைவரும் 'பிரேக் ஆயில்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயரில் ஆயில் இருந்தாலும் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகையைச் சார்ந்த திரவம் அது. அவசரத்தில் எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஒரு கரண்டியளவு ஊற்றினாலும், அமைப்பிலுள்ள ரப்பர்கள் யாவும் ஊதிப் பெருத்து, பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். அல்லது பிடிக்காமலே போகும். பிறகு ரப்பர் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் மாற்ற வேண்டிவரும். டப்பாவிலிருப்பது எது என்னும் ஐயம் வந்தால், அதில் சிறிதளவை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து நீர் விட்டுப் பாருங்கள். பிரேக் திரவம் நீரோடு கலந்துவிடும்; எண்ணெய் தனியே மிதக்கும்.

நீரோடு கலக்கும் இவ்வியல்பே அதன் குறையும் ஆகும். காற்றிலுள்ள ஈரத்தை அது சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்கிறது. டாட் 3 என்னும் தரத்தில் புதிய திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமலிருக்க வேண்டும், நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்தபின் அது 140 பாகையாகத் தாழலாம். டாட் 4-க்கு இவ்வளவுகள் 230, 155. மலையிறக்கத்தில் இந்த வேறுபாடு உயிர்நிலையானது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழையதை முழுவதும் வெளியேற்றிப் புதியதை நிரப்புக. வண்டியின் கையேட்டிலோ டப்பாவின் மூடியிலோ எந்தத் தரம் என்று எழுதியிருக்கும். சிலிக்கோனால் ஆன டாட் 5 என்னும் வகையை இவற்றோடு கலக்கவே கூடாது. திறந்து பலநாள் வைத்த புட்டியைப் பயன்படுத்த வேண்டா. குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கவும் வேண்டா. அது நஞ்சு, குழந்தைகள் உள்ள இல்லத்தில் பெருந்தீங்கு விளையும்.

இன்னொன்று: 2011-இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபின், நம்மவர் பலர் வார நாட்களில் காரை எடுப்பதே இல்லை. உறை போட்டு மூடிய வண்டி வாரக்கணக்கில் நின்று, ஊருக்குப் போகும் அன்றுதான் உயிர் பெறுகிறது. ஓடாத வண்டி தேயாது என்று எண்ணுகிறோம். திரவத்திலுள்ள ஈரம் நின்ற இடத்தில் உருளைகளை அரிக்கிறது. கைப் பிரேக் இழுத்தபடியே நின்றால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது. வாரத்திற்கு ஒருமுறையேனும் சில கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை நன்றாகப் பயன்படுத்தி வருதல் நலம்.

தொழிற்கூடத்தில்

நம் ஊரில் பழைய வண்டிக்கு உறுப்புகள் தேடுவோர்க்கு ஜே.சி. ரோடு எனப்படும் ஜயசாமராஜேந்திர சாலையின் கடைகள் நெடுங்காலமாகத் துணை நிற்கின்றன. பிரேக் உறுப்பை வாங்கும்போது பெயர்பெற்ற தயாரிப்பையே கேட்டு, ரசீதோடு பெறுக. சென்னைப் பாடியில் 1962-இல் நிறுவப்பட்ட பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் இவ்வுறுப்புகளைச் செய்துவருகின்றன. மலிவான போலிப் பேடு சூடேறியதும் பிடிப்பை இழக்கும்.

மொழி தெரியாதே என்னும் தயக்கம் புதிதாக வந்தோர்க்கு இருக்கலாம். பெங்களூரின் தொழிற்கூடங்களில் கன்னடம், தமிழ், உருது மூன்றும் கலந்தே ஒலிக்கும். வீல் சிலிண்டர், லைனிங், பேட், ஏர் எடுத்தல் என்னும் சொற்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். "விளக்கை அணைத்துக் கொடுங்கள்" என்று கேளாதீர்கள். "திரவம் ஏன் குறைந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நான்கு சக்கரங்களையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் மற்றதும் அதே வயதினது என்பதை நினைத்து, இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். திரவத்தில் நனைந்த லைனிங்கைத் துடைத்துப் போடுவதற்கு இசையாதீர்கள். டிரம்மிலுள்ள தூசியை வாயாலோ காற்றாலோ ஊத விடவேண்டா. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அத்தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைப்பதே முறை.

தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கையில் வண்டியின் தகுதி சோதிக்கப்படும். அச்சோதனை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவது. நம் பிள்ளைகள் பின்னிருக்கையில் அமர்வதோ நாள்தோறும்.

பயணத்திற்கு முன்

பண்டிகைக்கு முந்திய நாள் எல்லாத் தொழிற்கூடங்களிலும் கூட்டம் நிறைந்திருக்கும். அன்று எவரும் நிதானமாகப் பார்க்க இயலாது. ஆதலால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாகவே இவற்றைப் பார்த்துவிடுக: கைப் பிரேக்கை இழுத்தால் விளக்கு எரிகிறதா, விட்டால் அணைகிறதா, திரவம் இரு கோடுகளுக்கு இடையே நிற்கிறதா, அதன் நிறம் தேன்போல் இருக்கிறதா, அன்றிக் கறுத்துவிட்டதா, மிதி அரை நிமிடம் உறுதியாக நிற்கிறதா, நான்கு டயர்களின் உட்புறமும் உலர்ந்திருக்கிறதா. டப்பாவின்மேல் அன்றைய மட்டத்தை ஒரு கோடாகக் குறித்து வையுங்கள். ஏழு நாள் கழித்து, மூட்டைகளை ஏற்றுமுன், மறுபடியும் பாருங்கள். குறித்த கோட்டிலிருந்து மட்டம் இறங்கியிருந்தால், எவ்வளவு சிறிதாயினும், அம்முறை பஸ்ஸிலோ ரயிலிலோ ஊருக்குப் போய் வாருங்கள். வண்டியைத் திரும்பி வந்து செப்பனிட்டுக் கொள்ளலாம்.